மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு

பிப்ரவரி 18, ஞாயிறு

உரக்கடையில் கொடுத்த டைரி அலமாரியில் சும்மா கிடந்தது. இன்று எடுத்துவிட்டேன். நான் ஏழாவது வரை படித்தவன். எட்டாவதுக்குப் போயிருந்தால் வாத்தியார்களுக்குத்தான் சங்கடம் என்று நானாகவே நின்றுகொண்டேன். ஆனாலும் என் கையெழுத்துக்குப் பொள்ளாச்சி தாலுகாவில் நல்ல பெயர் உண்டு.

காலையில் தென்னைக்குத் தண்ணீர் விட்டேன். மத்தியானம் சோறு குழைந்துபோனது. குழைந்த சோறு வயதானவர்களுக்கு நல்லது என்பதால் வேண்டுமென்றேதான் குழையவிட்டேன். சாயங்காலம் காரைக் கழுவினேன். என் வீட்டுக்காரி வஞ்சியம்மாள் ஓசூருக்குப் போனதிலிருந்து காரை வெளியே எடுக்கவில்லை. ஓட்டத் தெரியாமல் இல்லை. இந்த வட்டாரத்தில் என்னைப் போல் கார் ஓட்டுகிறவன் யார்? பதினாலு வருடம் உழைத்த வண்டிக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா, அதனால் விட்டிருக்கிறேன்.

மகள் ரேணுகாவுக்குக் குழந்தை பிறந்ததற்காக வஞ்சி ஐப்பசியில் போனாள். மாப்பிள்ளை தன் காரில் வந்து கூட்டிப்போனார். போகும்போது, "தை பொறந்ததும் வந்தர்றனுங்" என்றாள். தை பிறந்து, முடிந்தும் போயிற்று.

பிப்ரவரி 20, செவ்வாய்

போன் செய்தேன். பேரன் அழுகிற சத்தத்துக்கு நடுவில்தான் பேச முடிந்தது.

"சாப்பிட்டீங்களா?"

"பிரியாணி செஞ்சேன். பக்கத்துத் தோட்டத்துக்காரங்க நாலு பேருக்குக் கொடுத்தேன். விரலைச் சப்பறாங்க."

"குக்கர்ல ரப்பர் மாத்தோணும்னு சொன்னனே, மாத்துனீங்களா?"

"அதெல்லாம் எப்பவோ."

கொஞ்சநேரம் பேரன் அழுதான். பிறகு அவளே சொன்னாள், "ரேணு சித்திரையில வேலைக்குப் போகோணுமாம். அதுக்கு முந்தி வந்து கூட்டீட்டுப் போயிருங்க. ஆனா பஸ்ஸுல வந்து நின்னீங்கன்னா நான் வரமாட்டேன். பஸ்ஸு பொகை எனக்கு ஆகாது, தெரியுமில்ல. காரைக் கொண்டாங்க."

"கார்தான். வேற எதுல வருவேன்?"

"தனியாவா கொண்டாருவீங்க?"

இந்தக் கேள்வி எனக்குப் புரியவில்லை என்பது போல் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஓசூர் வரை போகிற வண்டியை ஒருதரம் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று உடுமலை ரோட்டுக்கு எடுத்துப்போனேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது எல்லாம் பிரமாதம். தேங்காய் மட்டை ஏற்றிய வேன் ஒன்று முன்னால் ஊர்ந்தது. மூன்றாவதிலேயே எழுபத்தைந்து, எண்பது வரை மிதித்து அதைத் தாண்டினேன். தாண்டியதும் நாலாவதுக்கு மாற்றும் அந்த நொடியில் ஒரு மயில் குறுக்கே பறந்தது. பெரிய மயில். தோகை மட்டுமே ஆறடி இருக்கும்.

கிளட்சை விட்டதும் இஞ்சின் கத்திய கத்தலை எப்படி எழுதுவது? வண்டி முன்னால் போகாமல் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் ஆனது. நான் ஸ்டியரிங்மேல் போய் மோதினேன். டயர் கீச்சிட்டது. இஞ்சின் சுற்றைக் காட்டும் மீட்டரில் முள் கடைசிச் சிவப்பு முழுவதையும் தாண்டிப்போய் முட்டி நின்றது. பிறகு கடகடவென்று ஒரு சத்தம். அதன் பிறகு சத்தமே இல்லை.

மயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் லாகவம் அப்படி.

வேன்காரன் நிறுத்தி இறங்கி வந்தான். "ஏனுங்ணா, கியரு மாறி விழுந்துருச்சுங்களா?" என்றான். மயிலைப் பற்றிச் சொன்னேன். அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "செரிங்" என்றான்.

பிப்ரவரி 26, திங்கள்

கயிறு கட்டி இழுத்துப்போய் என் அக்கா மகன் தண்டபாணியின் ஒர்க் ஷாப்பில் விட்டாயிற்று. இழுத்துப்போகும்போது டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மரியாதைதான், வேறென்ன. ஆனைமலைக் காட்டிலிருந்து இறங்கிய ஒரு யானையிடமிருந்து தப்பித்த கதையைச் சொன்னேன். கேட்டவர்களுக்கு டீ ஆறிப்போனது.

பிப்ரவரி 28, புதன்

தண்டபாணி இஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிவிட்டான். அவனுக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் அக்காவும் அப்படித்தான்.

"மாமோய், உடுமலை ரோட்டுல யானையாமா?"

"யார்ரா சொன்னது? மயிலு."

"யானை தோகை விரிச்சுதுங்களா?"

நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவன் நாலைந்து வால்வுகளை எடுத்துத் துணிமேல் வைத்தான். எல்லாம் வளைந்திருந்தன.

"நாலாவதுக்குப் போடறதுக்கு ரெண்டாவது போட்டுட்டீங்க. அந்த வேகத்துல ரெண்டாவது விழுந்தா இஞ்சின் என்ன பண்ணும்? அது சுத்தற அளவுக்கு ரெண்டு மடங்கு சுத்தியிருக்குது. வால்வு மேல போறதுக்குள்ள பிஸ்டன் வந்து இடிச்சுருச்சு."

விட்டுக்கொடுக்க முடியுமா? "வண்டியில கம்ப்யூட்டர் இருக்குதுல்ல. ஓவராச் சுத்துனா அதுதான் தடுக்குமே" என்றேன்.

"நீங்க ஆக்சிலேட்டர மிதிச்சுத் தள்ளுனா அது பெட்ரோல நிறுத்திப்போடும். இங்க பெட்ரோலா சுத்துச்சு? ரோட்டுல ஓடற சக்கரந்தான இஞ்சினப் புடிச்சுச் சுத்தியிருக்குது. அத எந்தக் கம்ப்யூட்டர் நிறுத்தும்?"

"பெட்ரோல்ல கலப்படம் இருந்துருக்கும்."

"இருக்குமுங்க, இருக்கும்." அவன் காருக்குள் உட்கார்ந்து கியரைப் பிடித்துக் காட்டினான். "மூணாவதுல இருந்து நேராப் பின்னால இழுத்தா நாலு. ரெண்டாவதுக்குப் போகோணும்னா எடதுபக்கமாத் தள்ளிட்டு இழுக்கோணும். நீங்க தள்ளியிருக்கீங்க. என்னத்துக்கு மாமா அந்தப் பக்கம் தள்ளுனீங்க?"

அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. சீட்டுதான் இருக்கிறது.

மார்ச் 2, சனி

குக்கர் ரப்பர் வாங்கினேன். அளவு சரியில்லை.

மார்ச் 5, செவ்வாய்

தண்டபாணி இன்றும் விடவில்லை. "பதினாலு வருசம் ஓட்டுனவர் கை இப்பிடிப் போகுமா? இத்தன நாள் எப்பிடி ஓட்டுனீங்க?" என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. டைரியில் எழுதலாம். டைரி ஊருக்குள் போய்ப் பேசாது.

கார் வாங்கிய புதிதில் எனக்கு இடது தோள்பட்டை பிசகியிருந்தது. தென்னைமரத்திலிருந்து விழுந்தேன் என்று ஊருக்குச் சொன்னேன், உண்மையில் மொபெட்டிலிருந்து. கையை அசைக்கக் கூடாது என்றார் டாக்டர். புதுக் கார் வாசலில் நிற்கும்போது எந்த ஆம்பளை சும்மா இருப்பான்? நான் ஓட்டுகிறேன், நீ கியரை மட்டும் போடு என்று வஞ்சியிடம் சொன்னேன். இடப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு வலது கை சும்மாதானே இருக்கிறது. நான் கிளட்சை மிதித்து "ம்" என்பேன். அவள் போடுவாள்.

தோள் சரியானது. ஆனாலும் அவளுக்குப் பொழுது போகாதே என்று அந்த வேலையை அவளிடமே விட்டுவிட்டேன். அவள் மனசு கஷ்டப்படக்கூடாது பாருங்கள்.

பிறகு "ம்" சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. இஞ்சின் சத்தம் மாறினாலே அவளுக்குத் தெரியும். என் கால் கிளட்சுக்குப் போகும், வளையல் ஒருதரம் குலுங்கும், கியர் விழுந்திருக்கும். ஒருமுறைகூட மாறி விழுந்ததில்லை. சண்டை போட்டுக்கொண்டு போன நாட்களிலும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கியரைச் சரியாகப் போடுவாள். வால்பாறை நாற்பது வளைவும் அப்படித்தான் ஏறினோம். மேலே போய் இறங்கியதும் எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். பாராட்டும்போது அவள் தள்ளி நின்று புடவையை உதறிக்கொண்டிருந்தாள்.

எங்கே போனாலும் பெண்டாட்டியைக் கூட்டிப்போகிற மனுசன் என்று ஊரில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கும் நான் தகுதியானவன்தான்.

அன்றைக்கு உடுமலை ரோட்டில் வளையல் சத்தம் கேட்கவில்லை. அதனால் என் கையே கியருக்குப் போயிற்று. அது நேராகப் பின்னால் வராமல் அந்தப் பக்கம் சாய்ந்துபோனது.

மயில் வந்ததும் உண்மைதான்.

மார்ச் 11, திங்கள்

ரேணுகா பேசினாள். "அம்மா இங்கியே இருக்கட்டும்ப்பா. நீங்களும் வந்துருங்க. இங்க ஒரு ரூம் சும்மாத்தான் கெடக்குது."

தென்னையை யார் பார்ப்பது என்றேன். நான் இல்லாவிட்டால் மரங்கள் காய்க்காது என்றும் சொன்னேன். அவள் சிரித்தாள். பிறகு வஞ்சி வாங்கிப் பேசினாள்.

"வண்டி எப்பிடி இருக்குது?"

"ராணி மாதிரி. நேத்துக்கூட உடுமல வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"ம்."

அவள் சொன்ன அந்த "ம்" நான் கிளட்சை மிதித்துச் சொல்கிற "ம்" மாதிரி இல்லை.

"எப்ப வர்றீங்க?"

"நல்ல நாளாப் பாத்துட்டு இருக்கறேன்."

"நாளெல்லாம் எதுக்குங்? வீட்டுக்கு வர்றதுக்கு."

போனை வைத்த பிறகு ஒரு நல்ல பதில் தோன்றியது. இப்போது மறந்துவிட்டது.

மார்ச் 16, சனி

புது வால்வு வந்து சேரவில்லை. வண்டி ஒர்க் ஷாப்பின் ஓரத்தில் பானட் திறந்தபடி நிற்கிறது. வேலை எப்படி நடக்கிறதென்று மேற்பார்வை பார்க்கத் தினமும் போகிறேன். சும்மா நிற்பானேன் என்று உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்கிறேன். ஹெட் இல்லாத வண்டியில் கிளட்சு மிதித்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. மூன்றாவது. நேராகப் பின்னால். நாலாவது. மறுபடி மூன்றாவது. கை இன்னும் அந்தப் பக்கம் சாய்கிறது. இடது சீட்டில் தண்டபாணியின் ஸ்பேனர் பையை எடுத்து வைத்தேன். கை போய் அதில் முட்டுகிறது. முட்டும்போது தெரிந்துகொள்ளலாம் அல்லவா. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

தண்டபாணி ஜன்னலில் தலையை நீட்டினான். "எங்க மாமா போயிட்டு இருக்கீங்க?"

"ஓசூருக்கு."

"எது வரைக்கும் வந்துட்டீங்க?"

"சங்ககிரி."

அவன் சிரிக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. எப்போதும் சிரிக்கிறவன்.

மார்ச் 24, ஞாயிறு

வண்டி தயார். சாவி போட்டதும் பூனை மாதிரி முனகியது. ஒர்க் ஷாப்பில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "ஒரு இஞ்சின் செத்துப் பொழைக்கறது எல்லார் வண்டிக்கும் அமையாது."

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி விடுமுறை. தண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். அவன் கற்றுக்கொடுக்க வரவில்லை, காற்று வாங்க வந்தான்.

ஆழியார் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் கேட்டான், "மாமா, ஒவ்வொரு கியருக்கும் என்னத்துக்கு என் மூஞ்சியப் பாக்கறீங்க?"

"உன் மூஞ்சியப் பாத்துட்டு வண்டி ஓட்டுனா விபத்துத்தான் ஆகும். கண்ணாடியப் பாத்தேன்."

"கண்ணாடி என் மூஞ்சியிலயா இருக்குதுங்?"

அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கியர் குமிழை உள்ளங்கையால் மேலேயிருந்து மூடினாற்போல் பிடித்து, விரலால் அழுத்தாமல், பின்னால் இழுக்கச் சொன்னான். இழுத்தேன். நாலாவது விழுந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் விழுந்தது. அணைக்கட்டு பக்கம் நிறுத்தி மாங்காய் வாங்கித் தின்றோம்.

"அத்தைகிட்ட நீங்களே ஓட்டறீங்கன்னு சொல்லட்டுங்களா?" என்றான்.

"சொல்லாத" என்றேன். சட்டென்று வந்துவிட்டது. பிறகு, "நேர்ல போயி நிக்கறப்பத்தான் கெத்தா இருக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து காரை ஷெட்டில் விட்ட பிறகும் இறங்காமல் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் அதிகம்.

ஏப்ரல் 6, சனி (ஓசூர்)

வந்துவிட்டேன். தனியாக. காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்கு வாசலில் நின்றேன். வழியில் இரண்டு லாரி டிரைவர்கள் என் ஓட்டத்தைப் பார்த்து ஹெட்லைட் போட்டு வாழ்த்தினார்கள். தொப்பூர் மேட்டில் ஒரு போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தி, "உங்களைப்போல் ஓட்டினால் எங்களுக்கு வேலையே இல்லை" என்றார். ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்.

வஞ்சி வாசலுக்கு வந்தாள். தோளில் பேரன். இளைத்திருக்கிறாள். முதலில் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் போய்க் காரின் டிரைவர் பக்கம் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்ததும்தான் என் பக்கம் திரும்பினாள்.

"யாரும் வரலீங்களா?"

"நான் வந்துருக்கறேன். போதாதா?"

"தண்டு நேத்தே போன் பண்ணிச் சொல்லீட்டானுங். வால்வு போனது, நீங்க பழகுனது, அல்லாத்தையும்." சொல்லும்போது பேரனின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "நல்லா ஓட்டறீங்களாமா இப்ப."

"எப்பவும் நல்லாத்தான் ஓட்டுவேன்."

"அப்ப இனி எனக்கு வேலையில்லீங்" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அதற்கு ஒரு அருமையான பதில் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

சாப்பிட்டோம். என் துணியெல்லாம் ஏன் இப்படி மஞ்சளாக இருக்கிறது என்று கேட்டாள். புது நாகரிகம் என்றேன். தட்டில் மூன்றுதரம் ரசம் ஊற்றினாள், நான் கேட்காமலே.

ஏப்ரல் 7, ஞாயிறு (ஓசூர்)

வஞ்சியின் பை நேற்று சாயங்காலமே கட்டி வாசற்பக்கம் வைக்கப்பட்டிருந்தது. இன்று காலை கிளம்புவதாகத் திட்டம்.

மாப்பிள்ளை ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ரேணுகா ஒரு கையில் பால் பாட்டிலும் ஒரு கையில் போனுமாக நடந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் வேலைக்குப் போக வேண்டும்.

"பையன யாரு பாக்கறது?" என்றேன்.

"அதெல்லாம் ஏற்பாடு பண்ணீட்டேன்ப்பா. பக்கத்துத் தெருவுல ஒரு அம்மா இருக்காங்க. நர்ஸா இருந்தவங்க. அஞ்சு கொழந்தைங்கள ஒரே நேரத்துல பாப்பாங்களாம். அவங்ககிட்ட எடம் கெடைக்கறதே கஷ்டமாம், நான்னு சொன்னதும் ஒத்துக்கிட்டாங்க. இவனும் அவங்களப் பாத்ததும் சிரிச்சு ஒட்டிக்கிட்டான்."

சொல்லும்போது கழுத்து நிமிர்ந்தது. புருவம் மேலே போனது. வலது கை காற்றில் ஒரு வட்டம் போட்டது. எனக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த வித்தையில் நான் இந்த மாவட்டத்துக்கும் அடுத்த மாவட்டத்துக்கும் சேர்த்து ஆள். ஐந்து குழந்தைகள் என்பது வரை நம்பலாம். நான்னு சொன்னதும் ஒத்துக்கொண்டார்கள் என்கிற இடத்தில் என் மகள் மாட்டிக்கொண்டாள். அங்கே நானும் அதைத்தான் சேர்த்திருப்பேன்.

பையன் அப்போது வஞ்சியின் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். வஞ்சி அதை விடுவிக்கவே இல்லை. மகளையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "கெளம்பலாமுங்களா, வெயிலாயிரும்" என்றாள்.

நான் காரைத் துடைப்பதற்காக வெளியே வந்தேன். துடைத்தேன். இடப்பக்கத்துக் கதவையும் துடைத்தேன். உள்ளே திரும்பிப் போய் எல்லோருக்கும் கேட்கிறாற்போல் சொன்னேன்:

"ஒரு விசயம் மறந்துட்டேன். இப்பத்தான் இஞ்சின் பிரிச்சுச் சேத்துனது. மொதல் சர்வீஸ் வரைக்கும் டிரைவர் ஒருத்தர்தான் போகோணும்னு தண்டபாணி சொன்னான். எடப்பக்கம் பாரம் ஏறுனா புது வால்வு ஒக்காராதாம். வெளிநாட்டுல இதெல்லாம் சட்டமே இருக்குது."

ரேணுகாவின் வாய் திறந்தபடி நின்றது. வஞ்சி பேரனை மறு தோளுக்கு மாற்றினாள்.

"தண்டு அப்பிடியா சொன்னான்?"

"ரெண்டுதரம் சொன்னான்."

"சர்வீஸு எப்பங்?"

"சொல்ல முடியாது. வண்டியப் பொறுத்தது. ஆடி ஆகலாம். ஆவணி ஆகலாம்."

பதினாலு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தை மட்டும் வைத்தே கியர் போட்டவள். அவளிடம் போய் இதைச் சொல்கிறேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கழுத்தை நிமிர்த்திக்கொண்டேன்.

"செரிங்" என்றாள். பையை அவளே எடுத்து உள்ளே கொண்டுபோனாள். ரேணுகா பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

கிளம்பும்போது வஞ்சி புளிச்சோறும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுவந்து இடது சீட்டில் வைத்தாள். சரிந்துவிடாமல் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

"இதுவும் பாரந்தானுங்களே" என்றாள்.

"இது பரவாயில்ல" என்றேன்.

"தர்மபுரி தாண்டி நெழல்ல நிறுத்திச் சாப்புடுங்க. ஓட்டீட்டே திங்காதீங்க." கதவைச் சாத்தியவள் ஜன்னலில் கையை வைத்தபடி நின்றாள். "மெதுவாப் போங்க. பின்னால வர்றவன் ஆரன் அடிச்சா அடிக்கட்டும்."

முதலாவது போட்டேன். இரண்டாவது. கண்ணாடியில் தெருமுனை வரை அவள் தெரிந்தாள்.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தேன். வழியில் ஒன்றும் நடக்கவில்லை.